மொட்டு விரியும் நேரம்

(வடக்குப்பட்டில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகள் உங்களில் பலர்.

மலர் மணமும் வெனிலாவும் சேர்ந்த ஒரு வாசனைத் திரவியத்தை எப்படிப் போட்டுக்கொள்வது, எப்படி முகர்ந்து ரசிப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சென்ட் அடிப்பதைப் பற்றிப் பேச இத்தனை நேரம் வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த விஷயத்தில் நேரம்தான் எல்லாம் என்பதே நான் சொல்ல வந்தது. மொட்டு விரிய ஒரு நேரம் இருக்கிறது. வெனிலாக் காய் முற்றவும் பதப்படவும் நேரம் இருக்கிறது. நம் தோலில் வாசனை மலர்ந்து அடங்கவும் நேரம் இருக்கிறது. இவற்றை அறிந்தவருக்கு அந்தச் சின்னப் புட்டி முழுதாகத் திறக்கும்.

இந்த ஊரில் நின்று இதைப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை இதே வடக்குப்பட்டில் அகழ்ந்தபோது கற்கருவிகள், கண்ணாடி மணிகள், பொன்னணித் துண்டுகள் இவற்றோடு ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடி வைத்த உயரமான மண் ஜாடி. மத்தியதரைக் கடல் நாடுகளின் திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் அதில்தான் கப்பலேறின. திரும்பிப் போன கப்பல்களில் மிளகோடும் முத்தோடும் வாசனைப் பொருள்களும் போயின. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பயணம்' என்ற வணிகக் கையேடு, முசிறித் துறையில் ஏற்றப்பட்ட சரக்குகளில் ஜடாமாஞ்சியையும் இலவங்கப்பத்திரியையும் சொல்கிறது. அதே நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை ரோமிலிருந்து உறிஞ்சிவிடுகின்றன என்று குறைப்பட்டுக்கொண்டார். வாசனைப் பொருள்களைப் பற்றி எழுதிக்கொண்டு வரும் இடத்தில்தான் அவர் அதைச் சொல்கிறார். பக்கத்தில் ஓரகடம் சாலையில் இன்று கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. இந்தப் பக்கத்து ஊர்களில் சரக்கு வந்துபோவது புதிதில்லை.

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மாதவி குளித்த நீரில் பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன. குளித்த பிறகு அகில் புகையில் கூந்தலை உலர்த்துகிறாள். முதலில் துவர்ப்பு, அதன்மேல் மணம், கடைசியில் புகை என்று அடுக்கடுக்காக ஒரு வாசனையை உடம்பில் கட்டும் கலை அது. ஆகவே பாரிஸிலிருந்து வரும் புட்டியைப் பார்த்து, இது நமக்குச் சம்பந்தமில்லாத ஆடம்பரம் என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. அதன் உள்ளே நம் மண்ணில் முளைத்ததும் இருக்கிறது.

முதலில் பூவைப் பார்ப்போம். வாசனைத் தொழிலுக்கு நம் நாட்டிலிருந்து போகும் பூக்களில் மூன்று முக்கியமானவை: குண்டுமல்லி, ஜாதிமல்லி, சம்பங்கி. ஜாதிமல்லியைத் தென்மாவட்டங்களில் பிச்சி என்பார்கள். பிரான்ஸில் கிராஸ் நகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்கள் ஒரு காலத்தில் உலகத்துக்கே மல்லிகை கொடுத்தன. 1921இல் எர்னஸ்ட் போ உருவாக்கிய ஷனெல் நம்பர் 5 பெர்ஃப்யூம் அந்த ஜாதிமல்லியில்தான் நின்றது. பின்னால் கூலியும் நிலவிலையும் ஏற, பெரும்பகுதி விளைச்சல் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் நகர்ந்துவிட்டது. இந்தியா என்றால் இங்கே பெரும்பாலும் தமிழ்நாடுதான். மதுரை, திண்டுக்கல், கோவை, சத்தியமங்கலம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பூவிலிருந்து மணத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகளைப் பூ விவசாயிகள் 'சென்ட் ஃபேக்டரி' என்பார்கள். மார்கழி, தை மாதங்களில் பனி விழுந்து பூ வரத்து குறையும்போது மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் போகும். முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அப்போது சென்ட் ஃபேக்டரி வாங்காது. கோடையில் பூ குவிந்து சந்தை விழும்போதுதான் ஆலையின் லாரி வரும். தலையில் சூட ஆளில்லாத பூவுக்கு அது ஒரு போக்கிடம். விலை கட்டுப்படியாகிறதா என்ற கேள்வி அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இருந்தாலும் அந்த லாரி வராவிட்டால் பறித்த பூ குப்பைக்குப் போகும் என்பது எந்தப் பூக்கார ஊரிலும் தெரிந்த விஷயம்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். குண்டுமல்லியை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும். விடியுமுன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அன்று மாலை விரியப்போகும் மொட்டு எது, நாளைக்கு விடவேண்டியது எது என்று விரல் நுனியில் அவர்களுக்குத் தெரியும். பறித்த பிறகும் மொட்டு சாவதில்லை. பகலெல்லாம் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்து, பொழுது சாய்ந்ததும் விரிகிறது. விரியும்போதுதான் மணத்தை வெளியே விடுகிறது. ஆலைக்காரர்கள் அதற்காகவே மொட்டுகளைத் தரையில் மெல்லப் பரப்பிக் காத்திருந்து, விரிந்த பிறகு இரவில்தான் கொப்பரையில் ஏற்றுகிறார்கள். ஜாதிமல்லியின் கணக்கு வேறு. அது இரவில் செடியிலேயே விரியும். விடியற்காலையில் விரிந்த பூவாகப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஆக ஒரு பூவுக்கு நைட் ஷிஃப்ட், இன்னொன்றுக்கு முதல் ஷிஃப்ட். உங்களைப் போலவே அந்த ஆலைத் தொழிலாளர்களும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அங்கே கடிகாரத்தை வைத்திருப்பது பூ.

ஆலையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துளையிட்ட தட்டுகளில் பூவை அடுக்கி, ஹெக்ஸேன் என்ற கரைப்பானால் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். பூவின் மணமும் மெழுகும் அதில் இறங்கிவிடும். ஹெக்ஸேனைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி எடுத்துவிட்டால் அடியில் மெழுகுக் கட்டி ஒன்று மிஞ்சும். அதற்குத் தொழிலில் கான்கிரீட் என்று பெயர். அதைச் சாராயத்தில் கரைத்துக் குளிரவைத்து மெழுகை வடிகட்டி, சாராயத்தையும் நீக்கினால் வருவது அப்சலூட். கெட்டியான, செம்பழுப்பு நிறத் தைலம் அது. ஜாதிமல்லியில் கான்கிரீட் கிடைப்பது நூற்றுக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. குண்டுமல்லியில் இன்னும் குறைவு, நூற்றுக்கு 0.14 முதல் 0.19 வரை. அதாவது ஒரு கிலோ கான்கிரீட்டுக்கு 500 முதல் 700 கிலோ குண்டுமல்லி. ஒரு கிலோ பூவில் எத்தனை ஆயிரம் மொட்டு இருக்கும் என்று பூக்கட்டும் அக்காக்கள் இங்கே இருந்தால் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் ஒரு கை தனித்தனியாகக் கிள்ளியிருக்கிறது. இயந்திரம் இன்றுவரை அந்த வேலைக்கு வரவில்லை.

மல்லிகையின் மணத்துக்குள் பல பொருள்கள் இருக்கின்றன. பென்சைல் அசிடேட் பழ இனிப்பைக் கொடுக்கிறது. லினலூல் புத்துணர்வைக் கொடுக்கிறது. குண்டுமல்லியில் மெத்தில் ஆன்த்ரனிலேட் இருப்பதால் ஒரு திராட்சைச் சாயல் உண்டு. இவற்றோடு இன்டோல் என்று ஒன்றும் இருக்கிறது. தனியாக முகர்ந்தால் முகம் சுளிக்கவைக்கும். கழிவிலும் அழுகலிலும் இருக்கும் பொருள் அது. அது இல்லாத செயற்கை மல்லிகை சோப்பு வாசனையாக, தட்டையாக நிற்கும். முதல் நாள் இரவு சூடிய பூவை மறுநாள் காலையில் தலையணையில் முகர்ந்திருக்கிறீர்களா? அந்தக் கனத்த, கொஞ்சம் உடம்பு கலந்த மணத்தில் இன்டோலின் பங்கு பெரிது. நல்ல மலர் பெர்ஃப்யூமை முகரும்போது உள்ளே லேசான ஓர் அழுக்குத் தட்டினால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். பூவுக்கு உயிர் இருந்ததன் அடையாளம் அது.

அடுத்தது வெனிலா. நம்மில் பெரும்பாலோருக்கு வெனிலா என்றால் ஐஸ்கிரீம், கஸ்டர்ட் பவுடர், பிஸ்கட். நமக்கு அறிமுகமானது வெனிலின் என்ற ஒரே ஒரு மூலக்கூறு. 1858இல் பிரெஞ்சு வேதியியலாளர் நிகோலா தியோடர் கோப்லே அதைக் காயிலிருந்து பிரித்தெடுத்தார். 1874இல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் பைன் மரச்சாற்றுப் பொருளிலிருந்து அதைச் செயற்கையாகச் செய்தார்கள். பின்னால் கிராம்பு எண்ணெயிலிருந்து, மரக்கூழ்க் கழிவிலிருந்து, பெட்ரோலியப் பொருள்களிலிருந்து என்று வழிகள் பெருகின. செயற்கை என்பதற்காக அதை இழிவாக நினைக்கக் கூடாது. 1889இல் எமே கெர்லான் 'ஜிக்கி' என்ற பெர்ஃப்யூமில் அதைத் துணிந்து பயன்படுத்தியிராவிட்டால் நவீன வாசனைக் கலையே வேறு திசையில் போயிருக்கும். 1925இல் வெளிவந்த 'ஷாலிமார்', எத்தில் வெனிலின் என்ற அதன் இன்னும் வீரியமான உறவுப் பொருளை வைத்துக் கட்டப்பட்டது. நூறு ஆண்டாக உயிரோடிருக்கும் அந்த வாசனைக்கு லாகூர், ஸ்ரீநகர் முகலாயத் தோட்டங்களின் பெயர்.

உண்மையான வெனிலாக் காய் வேறொரு உலகம். மெக்சிகோவின் கொடி ஆர்க்கிட் அது. பூ ஒரு காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் மகரந்தம் சேர்ந்தால்தான் காய். மெக்சிகோவுக்கு வெளியே கொண்டுபோய் நட்டவர்களுக்குக் கொடி வளர்ந்தது, பூவும் பூத்தது, காய் மட்டும் பிடிக்கவில்லை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியால் பூவின் உள்மடலைத் தூக்கிப் பெருவிரலால் மகரந்தத்தை அழுத்தி ஒட்டும் முறையைக் கண்டுபிடித்தான். உலகத்தின் வெனிலாத் தொழில் முழுக்க அந்தக் கைப்பழக்கத்தின்மேல் நிற்கிறது. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது அவருக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. பணம் எதுவும் கிடைக்கவில்லை. 1880இல் வறுமையில் இறந்தார். அடிமைகள் விடுதலையான பின் அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி நம் தமிழர்கள். வெனிலாவின் வரலாற்றைப் படிக்கும்போது அந்தக் கப்பல்களையும் நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் இந்தக் கொடி படர்ந்திருக்கிறது. 2000இல் மடகாஸ்கரைப் புயல் தாக்கிய பிறகு உலக விலை தலைகால் தெரியாமல் ஏறியது. கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு என்று எல்லா இடத்திலும் ஆசையோடு நட்டார்கள். சில ஆண்டுகளில் விலை தரைக்கு வந்து பலர் கொடியைப் பிடுங்கிப்போட்டார்கள். பிடுங்காமல் பொறுத்திருந்தவர்களும் உண்டு. அவர்கள் தோட்டத்திலும் எட்மண்டின் குச்சிதான், அதே பெருவிரல்தான்.

பூ பிடித்து ஒன்பது மாதம் கழித்துத்தான் காயைப் பறிப்பார்கள். பச்சைக் காயை முகர்ந்தால் வெனிலாவே இருக்காது. மணம் சர்க்கரையோடு பூட்டிக் கிடக்கும். காயைச் சில நிமிடம் வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, நாள்தோறும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டி மீண்டும் சுற்றி, பிறகு நிழலில் உலர்த்தி, பெட்டியில் மூடி மாதக்கணக்கில் வைத்தால்தான் பூட்டு முழுதாகத் திறக்கும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். அந்தக் கறுத்த, எண்ணெய் மினுங்கும் காயில் வெனிலின் நூற்றுக்கு இரண்டு பங்குதான். மற்றதெல்லாம் உலர்ந்த திராட்சை, தோல், புகையிலை, பழைய மரப்பெட்டி, கொஞ்சம் புகை. ஐஸ்கிரீம் நினைவை ஓரமாக வைத்துவிட்டு முகர்ந்தால்தான் இது பிடிபடும்.

பூவையும் காயையும் ஒன்றாகக் கட்டியதற்கு ஒரு நல்ல உதாரணமாக நான் கருதுவது 'சோங்ஜ்' என்ற பெர்ஃப்யூம். ஆனிக் கூத்தால் 1981இல் பாரிஸில் தொடங்கிய நிறுவனம், அவர் மறைவுக்குப் பின் அதை வெளியிட்டது. கலவை செய்தவர் இசபெல் துவாயன். மொரீஷியஸ் தீவின் ஒரு மாலைத் தோட்டம் அதற்குத் தூண்டுதல். இப்படிச் சிறிய அளவில், பெரிய விளம்பரமில்லாமல், வாசனை ஒன்றையே நம்பிச் செய்யும் நிறுவனங்களின் சரக்கைத்தான் கடைக்காரர்கள் நீஷ் பெர்ஃப்யூம் என்கிறார்கள். 1976இல் ழான் லபோர்த் தொடங்கிய லார்டிஸான் பர்ஃப்யூமர் இதன் முன்னோடிகளில் ஒன்று. நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. பாம்பே பெர்ஃப்யூமரி என்ற மும்பை நிறுவனம் மல்லிகையை வைத்துச் செய்த ஒன்றுக்கு 'மதுரை டாக்கீஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறது. வடநாட்டுக் கன்னோஜ் நகரில் மல்லிகையைச் சந்தன எண்ணெயின்மேல் வடித்தெடுக்கும் மோத்தியா அத்தர் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது.

'சோங்ஜ்' தோலில் பட்டதும் முதலில் வருவது ஈழத்தலரி. பழைய கல்லூரி வளாகங்களில் வெள்ளையும் மஞ்சளுமாக உதிர்ந்து கிடக்குமே, அது. கூடவே மல்லிகையும் யிலாங் யிலாங்கும். யிலாங், நம் மனோரஞ்சிதத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. நினைத்த பழத்தின் வாசனை வரும் என்று சின்ன வயதில் நமக்குச் சொல்லிக்கொடுத்த பூவின் உறவு. முதல் கால் மணி நேரம் பூக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மூச்சு முட்டுகிறது என்று சிலர் இங்கேயே கைவிட்டுவிடுவார்கள். அடுப்பிலிருந்து இறக்காத குழம்பை நாக்கில் விட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மாதிரிதான் அது. ஒரு மணி நேரம் பொறுங்கள். பூக்கூட்டம் மெல்ல விலகி, சாம்பிராணியின் சாயல் ஒன்று நடுவே எழும்பும். அதன்பின் வெனிலா வரும். இனிப்பாக வராது, சூடான தோலின் மணமாக, மரமாக, கொஞ்சம் பால் சுண்டிய வாசனையாக வரும். அந்த நிலையில் இரவு முழுக்க இருக்கும். பூ விரைந்து ஆவியாகும் பொருள், வெனிலா கனத்து மெதுவாக எழும் பொருள் என்பதுதான் இதன் அறிவியல். வாசனைக் கலைஞரின் திறமை, பூ போகும் நேரத்துக்கும் வெனிலா வரும் நேரத்துக்கும் இடையே பள்ளம் விழாமல் நெய்வதில் இருக்கிறது.

இனி போட்டுக்கொள்ளும் முறை. நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பாரிஸில் எழுதிய அறிவுரை பொருந்தாது. அங்கே குளிரில் நான்கு முறை தெளித்தால்தான் வெளியே வரும் வாசனை, இங்கே சித்திரை வெயிலில் ஒரே தெளிப்பில் அறையை நிறைத்துவிடும். கோடைப் பகலில் வெனிலா திகட்டும். அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளித்து, உடம்பு ஆறிய பின் போடுங்கள். வறண்ட தோலில் வாசனை நிற்காது. மணமில்லாத எண்ணெயோ க்ரீமோ ஒரு பொட்டுத் தடவி, அதன்மேல் முழங்கை மடிப்பிலோ மார்பிலோ ஒரு தெளிப்புப் போதும். மணிக்கட்டில் போட்டு இரண்டு கையையும் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலில் எழும் மணங்கள் வேகமாகப் பறந்துவிடும். வெனிலின் அதிகமுள்ள திரவம் நாளாக நாளாகப் பழுப்பாகும். மல்லிகைப் பொருள்களோடு சேர்ந்து நிறம் இன்னும் ஏறும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், ஆனால் வெள்ளைச் சட்டையிலும் பட்டிலும் தெளிக்காதீர்கள். கறை விழும். புட்டியை ஜன்னலோரம் வைக்காமல் அட்டைப்பெட்டியோடு பீரோவில் வையுங்கள்.

வேலையிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள். கார் ஆலைகளின் பெயின்ட் ஷாப்பில் டியோடரண்ட், க்ரீம் கூடாது என்பார்கள். பலர் அதை வெறும் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். அவற்றில் சிலிக்கோன் கலந்திருந்தால், அதன் கண்ணுக்குத் தெரியாத திவலை ஒன்று பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகிக் குழி விழும். எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் க்ளீன் ரூமில் பவுடருக்கும் சென்டுக்கும் தடை இருப்பதும் இந்த மாதிரிக் காரணங்களால்தான். ஆகவே இந்த வாசனை ஷிஃப்டுக்கு உரியதல்ல. கேட்டைத் தாண்டி வெளியே வந்தபின் உள்ள உங்கள் சொந்த நேரத்துக்கு உரியது. அதனாலேயே எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. எட்டு மணி நேரம் ஒரே சீருடை, ஒரே தொப்பி, ஒரே கையுறை. அதைக் கழற்றிய பின் என் உடம்பு என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு துளி மணம் உதவுகிறது.

உங்களில் பலர் ஒரே அறையில் பலரோடு தங்குகிறவர்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றிலேயே 18,720 பேர் தங்கலாம். பஸ்ஸிலும் அறையிலும் காற்று எல்லோருக்கும் பொது. போட்ட சிறிது நேரத்தில் நம் மூக்கு பழகிப்போய், வாசனை போய்விட்டது என்று நமக்குத் தோன்றும். பக்கத்தில் இருப்பவருக்கு அது போயிருக்காது. அப்போது மறுபடி தெளிக்காதீர்கள். யாருக்காவது இளைப்போ ஒற்றைத் தலைவலியோ இருந்தால் அன்று போடாமல் இருப்பதே மரியாதை.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். என் அப்பாவைப் பெற்ற பாட்டி இளம் வயதில் தாத்தாவை இழந்தவர். வாசலில் பூக்காரம்மா வந்தால் பேத்திகளுக்கு முழம் போட்டு வாங்கித் தருவார், தொடுத்தும் தருவார். தன் தலைக்கு ஒரு கிள்ளுப் பூ வைத்துக்கொள்ளமாட்டார். வைத்துக்கொள்ள ஊர் விடாது. தொடுத்து முடித்ததும் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் நிற்பார். அந்தப் பெண்ணுக்கு மல்லிகை எவ்வளவு பிடித்தது என்பது எனக்கு வயதான பின்தான் புரிந்தது. பூவை மண வாழ்க்கையின் அடையாளமாக்கி, அது முடிந்ததும் பிடுங்கிக்கொண்டோம். இன்றும் பல வீடுகளில் அப்படித்தான். புட்டிக்குள் இருக்கும் மல்லிகை யாருடைய நெற்றியையும் பார்ப்பதில்லை. கணவனை இழந்த ஒரு பெண், மணமாகாத பெண், மணமே வேண்டாம் என்றிருக்கும் பெண், யார் வேண்டுமானாலும் அதை அணியலாம். உங்கள் வீட்டில் அப்படி ஓர் அம்மாவோ அத்தையோ இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு சின்ன மல்லிகை அத்தர் வாங்கிப் போங்கள். சூடும் பூவையும் கூட வாங்கிப் போங்கள்.

ஆண்களுக்கும் இது உரியதுதான். மலர் வாசனை பெண்ணுக்கு, மர வாசனை ஆணுக்கு என்பது கடை அலமாரியில் பிரித்து வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு. வெட்சி, வஞ்சி, தும்பை என்று பூச்சூடிப் போருக்குப் போனவர்களின் மொழி நம்முடையது. தம்பிமார்கள் தயங்காமல் முகரலாம்.

விலை. மறைக்காமல் பேசுவோம். இந்த வகைப் புட்டி ஒன்று பலருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். கடன் வாங்கியோ ஈஎம்ஐ போட்டோ இதை வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முழுப் புட்டி இதற்குத் தேவையே இல்லை. நிறுவனங்களே ஒன்றிரண்டு மில்லி மாதிரிக் குப்பிகளை விற்கின்றன. நம்பகமான ஆட்களிடம் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு மில்லியில் இருபதுக்கும் மேற்பட்ட மாலைகள் கிடைக்கும், நான் சொன்னபடி ஒரு தெளிப்போடு நிறுத்தினால். பெரிய பெயர் போட்டுத் தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது போலி. அதற்குச் சமமான விலையில் திருவல்லிக்கேணி அத்தர் கடைகளில் உண்மையான சரக்கைக் கேட்டு, முகர்ந்து, சின்னக் குப்பியில் வாங்கலாம். ஏழை ரசிகருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

ஒரு கோரிக்கையும் உண்டு, இது வாங்குபவர்களுக்கு அல்ல, விற்பவர்களுக்கு. புட்டியின்மேல் வாசனைக் கலைஞரின் பெயர் போடும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. நல்லது. பூ எந்த ஊரில் பறித்தது, பறித்தவருக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதையும் போட வேண்டும். கிராஸ் மல்லிகை என்றால் பெருமையாக அச்சடிக்கிறார்கள். சத்தியமங்கலத்துச் சம்பங்கியையும் அதே எழுத்தில் அச்சடிக்கட்டும்.

பேச்சு போதும். இந்த மேசையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன: பொள்ளாச்சியில் பதப்படுத்திய வெனிலாக் காய் ஒன்று, மோத்தியா அத்தர் ஒன்று, 'சோங்ஜ்' ஒன்று. வரிசையாக வாருங்கள். முதலில் காய், பிறகு அத்தர், கடைசியில் பெர்ஃப்யூம். நடுவில் மூக்கு களைத்தால் உங்கள் சட்டைக் கையையே முகருங்கள், தெளியும். காகிதப் பட்டையில் தெளித்துத் தருகிறேன். பெயரையும் நேரத்தையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள். இன்றிரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் தோலில் போட வேண்டாம், பட்டையை ஒரு கவரில் போட்டு அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காலையில் திரும்பி வந்ததும் எடுத்துப் பாருங்கள். பூ எவ்வளவு மிச்சம், வெனிலா எவ்வளவு மிச்சம் என்று அடுத்த வாரம் எனக்குச் சொல்லுங்கள். கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேட்கலாம்.